செவ்வாயில் நின்ற ரெங்கம்மாள்

மலைக்கோட்டைக்குக் கீழே நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் பிளவுஸ் பிட் பிரிவு ரெங்கம்மாளுடையது. போர்டில் முதலாளி பெயர் இருக்கலாம். அந்த மேஜைக்குப் பின்னால் ரெங்கம்மாள் வைத்ததுதான் சட்டம். அவர் எடுத்துப்போட்ட நிறம் பிடிக்கவில்லை என்றால், "அப்ப புடவைய மாத்திக்குங்க" என்பார். பல பேர் மாற்றியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட மனுஷிக்கு வீட்டில் மட்டும் மரியாதை இல்லை. காரணம் ஒரு சினிமா.

பதினேழு வயதில் அவர் 'செவ்வாய்க்குச் சென்ற சேனாபதி' என்ற படத்தில் நடித்தார். கொள்ளிடத்து மணலைச் செவ்வாய்க் கிரகமாக்கி, ஸ்ரீரங்கத்துப் பெண்கள் சிலரைக் கிரகவாசிகளாக நிறுத்தினார்களாம். ஆனால் படம் வெளிவந்தபோது அந்தக் காட்சியைக் காணவில்லை. சேனாபதி ராக்கெட்டில் ஏறுகிறார். அடுத்த நிமிடம் இறங்கி, மாமியாருக்கு ஒரு கைப்பிடி செவ்வாய் மண்ணைக் கொடுக்கிறார். நடுவில் செவ்வாயே கிடையாது. படம் ஒரே வாரத்தில் பெட்டிக்குத் திரும்பிவிட்டது.

கணவர் சின்னையன் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்லவர்தான், ஆனால் கண்ணால் பார்க்காததை நம்பமாட்டார். சாம்பாரில் உப்பு குறைந்தால் "செவ்வாயில இப்படித்தான் வைப்பாங்களோ" என்று கேட்பார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் கதை. பிறகு வீட்டுக்கு வந்த மருமகளும் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். அதைத்தான் ரெங்கம்மாளால் தாங்க முடியவில்லை.

"பொய் சொல்றவன்னு பேராயிப்போச்சு ஜோதி," என்று என்னிடம் ஒருநாள் கண்கலங்கினார். "அவரு வாயால ஒரு தடவ ஒத்துக்கிட்டா போதும். வேற ஒண்ணும் வேணாம்."

அந்த நேரத்தில்தான் கனிஷ்கா கடைக்கு வந்தாள். துவாக்குடியில் இன்ஜினியரிங் படிக்கிற பெண். அவள் போன் உறையில் இட்லிப் பானையைக் கவிழ்த்த மாதிரி ஒரு ராக்கெட் இருந்தது. ரெங்கம்மாள் துணியைப் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இது சேனாபதி ராக்கெட்டு. உனக்கு எப்படிக் கிடைச்சுது?"

அவளும் கூடப் படிக்கிற பிள்ளைகளும் கிண்டல் செய்வதற்காகவே படத்தைப் பார்க்க ஆரம்பித்து, பார்த்துப் பார்த்துப் பைத்தியமாகிவிட்டார்களாம். ஊர் ஊராக ரசிகர்கள் சேர்ந்து வாட்ஸப் குரூப் வைத்திருந்தார்கள்.

"செவ்வாய் சீனோட டைரக்டர்ஸ் கட் வேணும்னு கேட்டுட்டு இருக்கோம் ஆன்ட்டி."

ரெங்கம்மாளுக்கு உடனே புரிந்துவிட்டது. "கட் பீஸ்தான? துணித் தானுல மிச்சம் விழுந்ததை எடுத்துத் திருப்பி ஒட்டுப் போடணும். அவ்வளவுதான?"

கனிஷ்கா சற்று யோசித்தாள். "கரெக்ட் ஆன்ட்டி," என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் கடையில் ஜாக்கெட் துணி வாங்குவது லேசுப்பட்ட காரியமாக இல்லை. துணியை அளந்துவிட்டுக் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு, "போனைக் குடுங்க, ஒரு குரூப்ல சேரணும்," என்பார். முகூர்த்தப் புடவை எடுக்க வந்த ஒரு குடும்பம், மணப்பெண் உட்பட, சேனாபதி ரசிகர்களாகத் திரும்பிப் போனது. முதலாளி எதையும் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்ளும் தைரியம் அவருக்கு இல்லை.

கடைசியில் சென்னையில் ஒரு பழைய லேபில் அந்தப் பிலிம் பெட்டி கிடைத்தேவிட்டது. சுத்தம் செய்து, நிறம் சேர்த்து, துவாக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் முதல் காட்சி. டைரக்டரே வருகிறார் என்றார்கள். ரெங்கம்மாள் பட்டுப்புடவை கட்டி, சின்னையனை இழுத்துக்கொண்டு வந்தார். சாட்சிக்கு நான். எனக்கு விண்வெளி என்றாலே தூக்கம் வரும், ஆனால் அவரிடம் அதைச் சொல்ல முடியுமா?

விளக்கை அணைத்தவுடன் என் காதருகே குனிந்தார்.

"ஜோதி, ஒரு விஷயம். என் முகம் தெரியாது."

"ஏங்க்கா?"

"தலையில குடம்."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ வந்திருப்பியா?"

எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து போயிருப்பேன். அதற்குள் செவ்வாய் வந்துவிட்டது. சிவப்பு மணல், சிவப்பு வானம், கையில் ஈட்டியோடு வரிசையாகப் பெண்கள். ஒவ்வொரு தலையிலும் கண்ணுக்கு ஓட்டை போட்டுச் சிவப்புச் சாயம் அடித்த பிளாஸ்டிக் குடம். பிள்ளைகள் விசிலடித்துக் கூரையைப் பெயர்த்தார்கள்.

சின்னையன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இதுல நீ எது?"

ரெங்கம்மாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியலைங்க," என்றார் சின்னக் குரலில். இத்தனை வருஷம் காத்திருந்தது இதற்குத்தானா என்று எனக்கே அழுகை வந்துவிட்டது.

சேனாபதி ராக்கெட்டிலிருந்து இறங்கினார். எல்லோரும் ஈட்டியை உயர்த்தினார்கள். நடுவில் நின்ற ஒருத்தி மட்டும் உயர்த்தவில்லை. தலையைத் தூக்கி எங்கேயோ பார்த்தாள். ஈட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் குடத்தின் கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டாள். டொக், டொக், டொக். முடித்துக் கையை இறக்கும்போது முழங்கை இடித்துப் பக்கத்தில் நின்றவளின் குடம் சாய்ந்தது.

மண்டபமே நாற்காலியிலிருந்து விழுந்து சிரித்தது. சின்னையன் மட்டும் சிரிக்கவில்லை.

படம் முடிந்ததும் டைரக்டர் மைக்கைப் பிடித்தார். எண்பதைத் தாண்டியவர். "ஸ்ரீரங்கம் கோபுரம் பிரேமுக்குள்ள வரக் கூடாதுன்னு கேமராவை அதுக்கு முதுகு காட்டி வெச்சேன். ஆனா கேமராவைப் பார்த்து நிக்கிறவங்களுக்கு நேரெதிர்ல கோபுரம்தானே? செவ்வாய்க்காரி கன்னத்துல போட்டுக்கிட்டா எவன் படத்தை நம்புவான்? திரும்ப எடுக்கப் பிலிம் இல்ல. செவ்வாயையே தூக்கிட்டேன். படமும் படுத்துது, நானும் படுத்தேன். அந்தப் பொண்ணு யாருன்னு தெரிஞ்சா நாலு வார்த்தை கேக்கணும்."

கனிஷ்கா திரும்பினாள். "ஆன்ட்டி, நீங்க அங்க இருந்தீங்களே, அது யாரு?"

ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவர் ரெங்கம்மாள். இப்போது முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "நான் அன்னைக்கு ஷூட்டிங்குக்குப் போகலைம்மா."

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. சின்னையன் எழுந்து நின்றார்.

"அது இவதாங்க. என் சம்சாரம்."

"உக்காருங்க, மானம் போகுது," என்று ரெங்கம்மாள் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அது நான் இல்ல."

"நீ சும்மா இருடி." டைரக்டரைப் பார்த்துச் சின்னையன் கைகூப்பினார். "டிவிஎஸ்ல பின்னாடி உக்காந்து வரப்ப, கோபுரம் தெரிஞ்சா போதும், கன்னத்துல போட்டுக்குவா. கையை இறக்கறப்ப முழங்கை என் முதுகுல விழும். கல்யாணத்துலேருந்து வாங்கிக்கிட்டிருக்கேங்க. இவதான். எங்க வேணாலும் வந்து சத்தியம் பண்றேன்."