பொஸ்ஸின் சுவரில் ஒரு மேகம்

தொண்ணூறுகளில் அஜின்கோர்ட் என்ற புறநகரில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். அந்தக் காலத்தில் ஊரைவிட்டு அகதியாய் வந்தவர்களில் கழுவாதவர்கள் குறைவு. குசினியில் மூன்று பேர். சமைக்கிறவர் ஒரு சீனக் கிழவர். எல்லோரும் அவரைச் சிஃபு என்பார்கள். ஆசான் என்பது போல ஒரு மரியாதைச் சொல். மரக்கறி வெட்டியவர் எங்கள் ஆள், மானிப்பாய் அண்ணை. அவருக்கு வாய் ஓயாது. நான் பேசுவது குறைவு. தண்ணீர்ச் சத்தத்தில் பேசி என்ன.

குசினியில் ஒரு குறை. அடுப்புக்கு மேலே இருந்த புகை இழுக்கிற ஃபான் செத்துப்போயிருந்தது. சிஃபு எண்ணெயில் மிளகாய் போட்டால் மூன்று பேரும் அழுவோம். நானும் அண்ணையும் பின்கதவால் வெளியே போய் நிற்கலாம். சிஃபு அடுப்பை விட்டு நகர முடியாது. அவருக்கு இருமல் பிடித்துவிட்டது. புகையை விடு, இல்லாவிட்டால் வேலையை விடு என்று டொக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டால் அந்த வயதில் வேறு யார் எடுப்பார்கள்.

கடை முதலாளி பொஸ்ஸிடம் ஃபானைக் கேட்டால் அடுத்த கிழமை என்பார். கெட்ட மனிதர் இல்லை. குசினி வாசலில் நின்று, வரப்போகிற ஃபானைப் பற்றிக் கையை விரித்துப் பேசுவார். அது கூரைப் பனியையும் சேர்த்து இழுக்குமாம். பேசி முடித்துவிட்டு மார்க்கம் என்ற பக்கத்து ஊரில் வாங்கிய புது வீட்டுக்குக் காரில் போய்விடுவார். வசந்தத்தில் பேசினார். கோடையில் பேசினார். பனி விழுந்தது. பின்கதவையும் பூட்டிவிட்டோம்.

அந்தக் குளிரில் பொஸ்ஸுக்கு ஓர் ஆசை வந்தது. காசுப்பெட்டிக்குப் பின்னால் இருந்த சுவரில் தூரிகையால் எழுதிய கவிதை ஒன்று தொங்க வேண்டும். பெரிய கடைகளில் அப்படித் தொங்குமாம். சிஃபுவுக்குக் கையெழுத்து நல்லது. கவிதையும் கட்டுவார். கவிதையில் தன்னை விட்டால் ஆள் இல்லை என்று நினைக்கிற மனிதர். கேட்ட உடனே சட்டியைக் கீழே வைத்தார்.

நாலு வரி எழுதிக் கொடுத்தார். பொஸ் ஹொங்கொங்கில் இங்கிலிஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பழைய சீனக் கவிதை அவருக்கு மூளையில் ஓடாது. ஓடாது என்று சொல்லவும் மாட்டார். நாடியைத் தடவிக்கொண்டு கனநேரம் பார்த்தார். தலையாட்டினார். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்.

எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நான் வாசிப்பேன் என்று யாரும் நினைக்கவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று சிஃபுவிடமே கேட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் அரைகுறை இங்கிலிஷ். அதனால் நன்றாக விளங்கியது.

வடக்கு மலையில் ஒரு பெரிய மேகம். ஊரே அண்ணாந்து பார்க்கிறது. முழக்கத்துக்கு ஒரு குறைவும் இல்லை. கீழே வயலில் தவளைக்குத் தொண்டை காய்கிறது. அவ்வளவுதான்.

மார்க்கம் எங்களுக்கு வடக்கே. சிஃபு சட்டியைப் பார்த்தபடி இருமினார்.

அண்ணை கத்தியை வைத்துவிட்டார். “உதில தவளை ஆர்? நானோ நீயோ?”

“மூன்று பேரும்” என்றேன்.

தன் நாட்டில் இது பழைய வழக்கம் என்றார் சிஃபு. அரசனை நேரே ஏச முடியாது. ஆகவே மேகத்தை ஏசுவார்கள், பறவையை ஏசுவார்கள், எப்போதோ செத்துப்போன வேறொரு அரசனை ஏசுவார்கள். அரசன் வாசிப்பான். கோபப்பட்டால் அது தான்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே கெட்டிக்கார அரசன் நல்ல கவிதை என்று சொல்லிவிட்டுப் போவான். கெட்டித்தனம் இல்லாதவன் எழுதினவனைத் தூர தேசத்துக்கு அனுப்பிவிடுவான்.

“எங்களைக் கவிதை எழுதாமலே அனுப்பிப்போட்டினம்” என்றார் அண்ணை.

சனிக்கிழமைகளில் தேத்தண்ணி குடிக்கச் சீனக் கிழவர்கள் சிலர் வருவார்கள். அவர்களுக்குப் பழைய கவிதை ஓடும். முதல் சனி ஒருவருக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது. அடுத்த சனி அவர் இன்னும் ஒரு மேசை ஆட்களைக் கூட்டிவந்தார். எல்லோரும் சுவரைப் பார்ப்பார்கள், பிறகு பொஸ்ஸைப் பார்ப்பார்கள், பிறகு கோப்பைக்குள் பார்ப்பார்கள். பொஸ்ஸுக்குப் பெருமை. கவிதைக்குக் கீழே நின்று போட்டோ எடுப்பித்தார். ஒரு கிழவர் மட்டும் மூன்றாம் வரி நொண்டுகிறது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அவருடைய நூடில்ஸில் உப்பு அதிகம்.

தை மாதம் பொஸ்ஸின் மாமியார் வான்கூவரில் இருந்து வந்தார். படித்த மனுசி. கோட்டைக் கழற்ற முதல் சுவரைப் பார்த்தார். நான் கழுவின கோப்பைகளை முன்னுக்கு அடுக்கிக்கொண்டு நின்றேன். மனுசி உரத்து வாசித்தார். பிறகு கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மருமகனைக் கூப்பிட்டு வரிக்கு வரி விரலால் காட்டி விளக்கினார். பொஸ்ஸின் காது சிவந்தது.

நான் உள்ளே ஓடினேன். “சிஃபு, மேகம் வருகுது” என்றேன்.

பொஸ் குசினிக்குள் வந்தார். வாசலில் நிற்காமல் அடுப்புவரை வந்தது அன்றைக்குத்தான். சிஃபு சட்டியில் மிளகாய் போட்டிருந்தார். முதலே போட்டதா, காலடி கேட்டுப் போட்டதா என்று எனக்குத் தெரியாது. பொஸ் சீனத்தில் கேட்டார். எனக்கு விளங்கியது. யார் அந்த மேகம் என்ற கேள்வி எந்தப் பாஷையிலும் ஒரே முகத்தோடுதான் வரும்.

சிஃபு எங்களுக்கும் கேட்கட்டும் என்று இங்கிலிஷில் சொன்னார். “அது ஆயிரம் வருசத்துக்கு முந்தின மேகம். பொஸ்ஸுக்கு அதைத் தெரியுமோ?”

பொஸ் வாயைத் திறந்தார். புகை உள்ளே போனது. இருமத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர். மூன்று தவளைகளும் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த மேகத்தைத் தெரியும் என்று சொன்னால் தான்தான் என்று ஆகிவிடும். அதைச் சொல்லாமல் ஆளை வேலையால் நிற்பாட்டவும் முடியாது.

கடைசியில் என் பக்கம் திரும்பி, உனக்கு அந்தக் கவிதை விளங்குமா என்றார்.

“மழை பெய்தால் தவளைக்கு நல்லது” என்றேன். அந்த வருசம் நான் அவரோடு பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அவர் இருமிக்கொண்டே வெளியே போனார். அடுத்த கிழமை ஃபான் வந்தது. பொஸ் சொன்ன அடுத்த கிழமைகளில் வந்தது அது ஒன்றுதான்.

கவிதையைக் கழற்றினால் ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே அது அங்கேயே தொங்கியது. ஆனால் எதிர்ச் சுவருக்கு இன்னொன்று வேண்டும் என்றார் பொஸ். மழையைப் பற்றி. மாட்ட முதல் மாமியார் வாசிக்க வேண்டும் என்றும் சொன்னார். மாமியார் இரண்டு தரம் வாசித்துவிட்டு, அருமை, ஒரு எழுத்தையும் மாற்றத் தேவையில்லை என்றாராம்.

அதையும் நான் கேட்டேன். மேகம் பெய்துவிட்டது. தவளைகள் பாடுகின்றன. மேற்கில் இருந்து ஒரு காற்று வந்து உலுப்பியிராவிட்டால் மேகம் இன்னும் முழங்கிக்கொண்டுதான் நிற்கும்.

வான்கூவர் மேற்கே.

“மாமி வந்தால் எந்த மேகமும் பெய்யும்” என்றார் அண்ணை.

சிஃபுவின் இருமல் குறைந்தது. வேலையை விடவில்லை. ஃபான் போட்ட சத்தத்தில் அவர் கவிதை சொன்னால் கேட்காது. அதில் மட்டும் அவருக்குக் குறை. ஆனால் கவிதை நோய் அண்ணைக்குத் தொற்றிவிட்டது. ஒரு நாள் வெங்காயம் வெட்டிக்கொண்டே தானும் ஒன்று கட்டியதாகச் சொல்லிப் பாடினார். குளத்தில் ஒரு கொக்கு நிற்கிறதாம். கால் நனைந்திருக்கிறதாம். கண் மூடியிருக்கிறதாம். பக்கத்தில் அழுக்கு மலைபோலக் குவிகிறதாம்.

நான் கோபப்படவில்லை. நல்ல கவிதை என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவினேன்.