டிக்கோயா வீட்டின் மூன்றாவது அறை

சனிக்கிழமை காலை 7.10க்குக் கண்டியிலிருந்து ஹட்டன் பஸ் புறப்பட்டது. டிக்கெட் 290 ரூபாய். கடற்கரை ஊரான திருகோணமலையிலிருந்து முதல் நாளே வந்து கண்டியில் தங்கியிருந்தேன். ஹட்டனில் ஓர் அரச அலுவலகத்தில் ஆறு மாதத்துக்கு மொழிபெயர்ப்பு வேலை. திங்கட்கிழமை பொறுப்பேற்க வேண்டும். தங்க இடம் பார்க்கவில்லை. ஹட்டன் போன்ற சின்ன நகரத்தில் அறை கிடைப்பது அவ்வளவு கடினமாக இருக்காது என்று நினைத்திருந்தேன்.

கம்பளை, நாவலப்பிட்டி தாண்டி 9.20க்குக் கினிகத்தேனையில் பஸ் பத்து நிமிடம் நின்றது. அங்கே ஏறிய ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். பெயர் புவனா. டிக்கோயாப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆங்கில ஆசிரியையாக அந்த மாதம்தான் நியமனம் பெற்றிருந்தார்.

"எங்க வீடு தேயிலைத் தோட்டத்துல, ரோட்டுலேர்ந்து அஞ்சு கிலோமீற்றர் உள்ளுக்கு. உள்ளுக்கு பஸ் இல்ல. நாலு மணிக்கு எந்திரிச்சு ரோட்டுக்கு நடந்து வந்து, பஸ் புடிச்சு ஸ்கூலுக்குப் போறேன். அதான் ஹட்டன்ல ரூம் பாக்கலாம்னு" என்றார்.

"நானும் அறை தேடித்தான் போறன்" என்றேன்.

"அப்ப சேந்தே பாப்போமாக்கா? ரெண்டு பேருன்னா வாடகை பாதியாயிரும்."

வட்டவளையைக் கடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல்களைச் சாத்திவிட்டார்கள். தேயிலை மலைகளைப் பற்றி எழுத அன்று ஒன்றும் கண்ணில் படவில்லை. வழி முழுக்க நாங்கள் பேசியது சமையல், குளியல், யார் எத்தனை மணிக்கு எழும்புவது என்பவைதான்.

ஹட்டனில் இறங்கியபோது மணி 10.25. கடைத்தெருவில் விசாரித்துக்கொண்டே நடந்தோம். முதல் இடம் ஆறு கட்டில் போட்ட போர்டிங். ஒரு கட்டில்தான் காலி. இரண்டாவதில் ஆண்களுக்கு மட்டும். மூன்றாவதில் சமைக்கக்கூடாது. பகல் ஒன்றரை மணியளவில், ஸ்டேஷனுக்கு மேலே ஏறும் பாதையில், நாலாவது வீட்டைக் கண்டோம். மாடியில் பெரிய அறை, தனி வாசல், சமைக்கச் சின்னக் குசினி, சுடுதண்ணீர். மாதம் 18,000. வீட்டுக்காரம்மா ஐம்பது வயதைத் தாண்டியவர். எங்களை உட்காரவைத்துத் தேநீர் தந்தார். எல்லாம் பேசி முடிந்தபின் அடையாள அட்டைகளைக் கேட்டார்.

என்னுடையதைப் பார்த்துத் திருப்பித் தந்தார். புவனாவுடையதில் விலாசத்தைப் படித்துவிட்டு அட்டையை மேசையில் வைத்தார்.

"தோட்டமா நீங்க?"

"ஆமாங்க. டீச்சரா இருக்கேன்."

"அது சரிங்க. ஆனா தோட்டத்து ஆளுங்களுக்கு நாங்க குடுக்கிறதில்ல. நாளைக்கு அவங்க வருவாங்க, இவங்க வருவாங்க, எனக்குச் சரிப்படாது." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க மட்டும்னா இருங்கம்மா" என்றார்.

மேசையில் மூன்று கோப்பைகள் இருந்தன. நான் என் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புவனா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நீங்க எடுத்துக்கங்கக்கா. திங்கக்கிழமை வேலைக்குப் போகணும்ல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நான் அந்த அறையை எடுத்துக்கொண்டேன்.

அறை நல்ல அறை. அதை மறைப்பதற்கில்லை. காலையில் ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டத்தில் எதிர்மலை பாதி வரை தெரியும். எட்டு மணிக்குப் பின் மீதியும் தெரியும். வீட்டுக்காரம்மா இரண்டொரு தடவை தேங்காய் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் கொண்டுவந்து தந்தார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கொத்தமல்லி அவித்துத் தந்தவரும் அவர்தான். ஆனால் அந்த வீட்டின் படியேறும் ஒவ்வொரு முறையும் யாரோ முன்னால் இறங்கிப் போவதுபோல் ஒதுங்கி ஏறினேன்.

மூன்றாவது சனிக்கிழமை, ஹட்டன் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் புவனாவைக் கண்டேன். அரிசி வடிக்கும் சட்டி வாங்கிக்கொண்டிருந்தார். கடை முதலாளி ஒரு முஸ்லிம். எல்லோரும் அவரை அண்ணன் முறையில் நானா என்று அழைத்தார்கள். அவருக்கு டிக்கோயாவில் இருந்த பழைய வீட்டைத்தான் புவனா எடுத்திருந்தார். கூடவே தர்ஷினி என்ற ஆஸ்பத்திரித் தாதி. மூன்று அறை, வாடகை 27,000.

"மூணாவது ரூமுக்கு ஆள் தேடுறோம்" என்றார் புவனா, நானாவிடம் சொல்வதுபோல.

"நான் வரலாமோ?"

அவர் சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தர்ஷினிகிட்ட கேக்கணும். நாளைக்கு வீட்டுக்கு வாங்க."

ஞாயிறு காலை பஸ்ஸில் டிக்கோயா போனேன். நாலு கிலோமீற்றருக்கும் குறைவு. கால் மணி நேரம். தகரக் கூரை வீடு, சுவரில் ஈரம் ஏறியிருந்தது, குளியலறை ஒன்றுதான். தர்ஷினி இரவு வேலை முடித்து வந்து தலை துவட்டிக்கொண்டே கேள்விகள் கேட்டார்.

"பகல்ல நான் தூங்குவேன். போன்ல சத்தமா பேசுவீங்களா?"

"இல்லை."

"கருவாடு பொரிப்போம். பரவாயில்லையா?"

"நான் திருகோணமலை" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "எனக்குச் சரி. புவனா, உனக்கு?"

புவனா சிரிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்க்கா. அன்னைக்கு அந்தம்மா சொன்னப்ப நீங்க ஏன் ஒண்ணும் பேசல?"

வரும் வழியில் நான் சில பதில்களைத் தயார் செய்திருந்தேன். நான் ஊருக்குப் புதிது, எதிர்பார்க்கவில்லை, என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவற்றை விட்டுவிட்டேன்.

"பயந்திட்டன்" என்றேன். "கதைச்சா எனக்கும் அறை இல்லை எண்டுடுவா எண்டு நினைச்சன்."

புவனா என்னை நன்றாகப் பார்த்தார். "அங்க நின்னு அழுதிருப்பேன். அதான் வேகமா எறங்கிட்டேன்" என்றார். பிறகு, "என்ன பேசுறதுன்னு தெரியலன்னு சொல்லியிருந்தீங்கன்னா வேணாம்னு சொல்லியிருப்பேன். அந்த ஓரத்து ரூம் உங்களுக்கு. மழை பெஞ்சா மூலையில ஒழுகும், கட்டில இங்கிட்டுப் போட்டுக்கங்க" என்றார்.

மாதக் கடைசியில் ஹட்டன் அறையைக் காலி செய்தேன். வீட்டுக்காரம்மாவுக்கு மனவருத்தம். "என்னம்மா குறை வச்சேன்?" என்று கேட்டார்.

"குறையில்லை. அண்டைக்கு என்னோட வந்த டீச்சரோட இருக்கப் போறன். அவவை நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னது சரியில்லை. நான் அதை அண்டைக்கே சொல்லியிருக்க வேணும்."

அவர் சாவியை வாங்கிக்கொண்டார். கோபப்படவில்லை. "எல்லாரும் அப்படித்தாம்மா பாத்துக் குடுக்கிறாங்க" என்று மட்டும் சொன்னார்.

திருகோணமலையில் எங்கள் வீட்டு மேல்மாடியையும் அம்மா வாடகைக்கு விடுகிறார். வருகிறவர்களிடம் பெயருக்கு முன் ஊரைக் கேட்பார். சிறுவயதிலிருந்து கேட்டுப் பழகிய கேள்வி. அதற்கொரு சரியான பதிலும் பிழையான பதிலும் இருப்பதாக நான் எண்ணியதில்லை. டிக்கோயாவில் இருந்த நாலாவது மாதம் அம்மா தொலைபேசியில், "பதுளைப் பக்கத்துத் தோட்டத்துச் சனமாம், புருஷனும் பெஞ்சாதியும். மேல்மாடியைக் கேக்கினம். யோசிக்கிறன்" என்றார்.

"குடுங்கோ அம்மா."

"உனக்கென்ன தெரியும் அவையளப் பற்றி?"

"ஒண்டும் தெரியாது. உங்களுக்கும் தெரியாதுதானே."

அம்மா அழைப்பைத் துண்டித்துவிட்டார். இரண்டு நாள் கழித்து மேல்மாடியை அவர்களுக்கே கொடுத்துவிட்டதாகத் தங்கை சொன்னாள். என் பேச்சைக் கேட்டுக் கொடுத்தாரா, வேறு ஆள் வராததால் கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை.