விரல்கள் சொன்ன பாஸ்வேர்டு

இன்று காலை கும்மிடிப்பூண்டியில் இருக்கும் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு ஓர் அக்கா தன் கணவரோடு வந்தார். கையில் ஒரு ஹார்டு டிஸ்க், கணவருடைய லேப்டாப்.

கணவர் சிப்காட் கம்பெனி ஒன்றில் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன். பக்கவாதம் வந்தவர். கை கால் தேறிவிட்டது. பேச்சும் எழுத்தும் இன்னும் திரும்பவில்லை.

"பொண்ணோட சின்ன வயசு போட்டோ எல்லாம் இதுலதாம்பா கீது. சொருகுனா ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது. வேற கடையில டிஸ்க்கே கெட்டுப் பூட்ச்சின்னு சொல்லிட்டாங்க."

டிஸ்க் கெடவில்லை. கணவர்தான் மொத்தத்தையும் என்கிரிப்ட் செய்து, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறார். லேப்டாப்பில் அதற்கான மென்பொருள் இருந்தது. பூட்டிய டிஸ்க், விண்டோஸ் கண்ணுக்கு வெற்று டிஸ்க்தான். ஃபார்மட் செய்திருந்தால் எல்லாம் போயிருக்கும்.

"பாஸ்வேர்டு இல்லாம யாராலயும் தொறக்க முடியாதுக்கா" என்றேன்.

"இன்னாங்க, ஞாபகம் கீதா?" என்று அக்கா அவரைக் கேட்டார்.

வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. பேனா கொடுத்தேன். ஒரு கோடு இழுத்துவிட்டு அழுதுவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. லேப்டாப்பை அவர் பக்கம் நகர்த்தினேன். "யோசிக்காதீங்க சார். எப்பவும் அடிக்கிற மாதிரியே அடிங்க."

இரண்டு முறை தப்பு. மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று அடித்தார். திறந்துவிட்டது!

"இங்க பாருங்க, நம்ம பாப்பா பல்லே இல்லாம சிரிக்குது" என்று அக்கா திரையைத் தடவினார். அவரும் அழுதுகொண்டே சிரித்தார்.

படங்களைப் பூட்டில்லாத டிவிடியில் ஏற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

அப்புறம் என் பாஸ்வேர்டைத் தாளில் எழுதிப் பார்க்க உட்கார்ந்தேன். கீபோர்டைத் தொடாமல் வரவே மாட்டேன் என்கிறது. உங்களுக்கு வருகிறதா?