பாதி ஆளுக்கு இடமில்லை

இரண்டு வேலைகளுக்காகச் சேர்த்து எடுக்கப்பட்ட ஒருவரிடமிருந்து ஒரு வேலை போய்விட்டால், மிச்சம் நிற்பது யார்? மனிதர்கள் அப்படி வகுபடுவதில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அவர் பதினான்கு வருடம் பிழைத்த இடத்தில் மனிதர்கள் அப்படித்தான் வகுக்கப்பட்டார்கள்.

சம்பளத்துக்குக் கிரிக்கெட் ஆடியவர் அவர். ஏழாவதாக இறங்கி மட்டை பிடிப்பார். வேகப்பந்து வீச்சாளர்கள் களைத்த பிறகு மிதவேகத்தில் எட்டு ஓவர் போடுவார். பெரிய ஆட்டக்காரர் என்று சொல்ல முடியாது. பதினான்கு பருவங்களில் ஒரே ஒரு சதம், அதுவும் தோற்ற ஆட்டத்தில். முப்பது ஓட்டமும் இரண்டு விக்கெட்டும் எடுத்த நாட்களே அதிகம். மறுநாள் செய்தித்தாளில் மற்றவர்களைப் பற்றிய வாக்கியத்தின் வாலில் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். அணியில் அவரை ஜோக்கர் என்று கூப்பிட்டார்கள். சீட்டாட்டத்தில் எந்த வரிசையில் ஓட்டை விழுந்தாலும் செருகிக்கொள்ளலாமே, அந்தச் சீட்டு. அவர் கோபித்துக்கொண்டதில்லை. "கைக்கு வந்த ஜோக்கரை எவன்டா கீழ போடுவான்?" என்பார்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை: நான்காவதாக இறங்கி ஆட வேண்டும். அணித் தலைவர் அவர் மனைவியின் அண்ணன். வருடத்துக்கு ஒருமுறை அந்த மைத்துனரிடம் கேட்பார். நாலாவதாக இறங்கி வெயிலில் நின்று களைத்துவிட்டால் அப்புறம் பந்தை யார் போடுவது என்று மைத்துனர் திருப்பிக் கேட்பார். அதோடு அந்த வருடப் பேச்சு முடிந்துவிடும்.

முப்பத்து மூன்றாவது வயதில் வலது தோள் போனது. அணி மருத்துவரிடம் காட்டாமல், யாருக்கும் தன்னைத் தெரியாத வேறொரு மருத்துவமனைக்குப் போனார். உள்ளே தசைநார் கிழிந்திருக்கிறது, பந்து வீசுவதை நிறுத்தினால் மட்டையாவது பிடிக்கலாம் என்றார்கள். மனைவியிடம் மட்டும் சொன்னார். அண்ணன் காதுக்குப் போகக்கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

"அண்ணன்கிட்ட சொன்னா என்ன ஆயிடும்? தலையையா வாங்கிடுவாரு?"

"பாதி ஆளுன்னு ஆயிடும். பாதி ஆளுக்கு டீம்ல இடம் இல்ல."

"வீட்டுல எனக்கு முழு ஆளு வேணும்," என்றாள். ஆனாலும் வாக்குக் கொடுத்தாள்.

பருவத் தொடக்கத்தில் நடக்கும் உடல் சோதனையில் கையைக் காதுவரை உயர்த்திக் காட்ட வேண்டும். அவர் இடுப்பைச் சற்று ஒடித்து, தலையைத் தோள்பக்கம் சாய்த்து, காதைக் கைக்குக் கொண்டுவந்தார். மருத்துவர் அடுத்தவரைக் கூப்பிட்டார். அதே சாய்வோடு பந்தும் வீசினார். பயிற்சியில் வீசுவதைக் குறைத்து, இருக்கிற தோளை ஆட்டத்துக்கென்று சேமித்துவைத்தார்.

கண்டுபிடித்தது விக்கெட் கீப்பர் ஒருவர்தான். தான் நிற்கும் இடத்தில் காலணி முள்ளால் புல்லில் ஒரு கோடு கிழித்துக்கொள்வது கீப்பர் வழக்கம். பந்து முழங்காலுக்குக் கீழே வந்தால் கோட்டை அழித்துவிட்டுக் கொஞ்சம் முன்னால் கிழித்துக்கொள்வார். அந்தப் பருவத்தில் அவர் வீசும்போதெல்லாம், ஒவ்வொரு ஆட்டத்திலும், கோடு முன்னால் வந்துகொண்டே இருந்தது.

உடை மாற்றும் அறையில், மற்றவர்கள் குளிக்கப் போயிருந்தபோது, கீப்பர் கையுறையை உதறிக்கொண்டே சொன்னார்: "அண்ணே, மேட்சுக்கு மேட்ச் உங்க பக்கமே வந்துட்டிருக்கேன். இப்படியே போனா சீசன் முடியுறதுக்குள்ள கைகுலுக்கிக்கலாம்."

அவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, இனிமேல் கோட்டைக் கொஞ்சம் லேசாகக் கிழிக்கச் சொன்னார். அடுத்த ஆட்டத்தில் கோட்டைக் கீப்பரே தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

கடைசி ஆட்டத்தில் தோற்றால் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடும் என்ற நிலை வந்தது. அன்று ஐந்து விக்கெட் சடசடவென்று சரிந்தபின் அவர் இறங்கி, கடைசிவரை நின்று அறுபத்தொரு ஓட்டம் எடுத்தார். அதை நல்ல ஆட்டம் என்று தயங்காமல் சொல்லலாம். அன்றைய தினம் அத்தோடு முடிந்திருக்கலாம்.

எதிரணிக்குக் கடைசி ஓவரில் பன்னிரண்டு தேவைப்பட்டது. ஓர் இளம் வேகப்பந்து வீச்சாளருக்கு ஒரு ஓவர் மிச்சம் இருந்தது. அவருக்கும் ஒன்று இருந்தது. மைத்துனர் பந்தைக் கால்சட்டையில் தேய்த்தபடி நடந்து வந்தார்.

"அவன் சின்னப் பையன், பதறிடுவான். மாப்ள, நீங்க போடறீங்களா?"

ஒரு வார்த்தையில் மறுத்திருக்கலாம். கீப்பர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுங்க மச்சான்," என்றார்.

முதல் இரண்டு பந்துகளில் ஓட்டம் இல்லை. மூன்றாவதை விடும்போது தோளுக்குள் ஏதோ நழுவியது. பந்து பாதி வழியிலேயே குத்தி எழுந்தது, ஆறு. நான்காவது தரையில் படாமலே போய் நான்கானது. ஐந்தாவதில் இரண்டு ஓடி முடித்துவிட்டார்கள்.

தன் தீர்மானம்தான் தவறு என்று மைத்துனர் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்தார். மைத்துனரின் தலைமையும் போனது, அணியில் இடமும் போனது. அந்த வாரமே மனைவி வாக்கை மீறினாள். மைத்துனர் வீட்டுக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

"தோள் போனது உங்க தப்பு இல்ல மாப்ள. அன்னிக்கு வாயைத் திறந்து சொல்லியிருந்தா அந்தப் பையன்கிட்ட குடுத்திருப்பேன். அவனும் தோத்திருக்கலாம். ஆனா நான் தெரிஞ்சு தோத்திருப்பேன்."

தங்கை கொண்டுவந்த தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு மைத்துனர் இறங்கிப் போனார். அதன்பின் அந்த வீட்டுக்கு அவர் தங்கையைப் பார்க்க மட்டுமே வந்தார். வருமுன் போன் செய்து, மாப்பிள்ளை இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார்.

இரண்டு மாதம் கழித்து கழக அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அந்த அறுபத்தொன்று, அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியபின் வந்த புதிய நிர்வாகத்துக்கு நினைவிருந்தது. தோள் விஷயமும் எட்டியிருந்தது. மேலாளர் மறைக்காமல் பேசினார்: இனிப் பந்து வீச வேண்டாம், அடுத்த பருவம் நான்காவதாக இறங்கி ஆடினால் போதும். ஒப்பந்தப் படிவத்தை மேசையில் திருப்பி வைத்தார். மட்டையாளர், பந்துவீச்சாளர், ஆல்ரவுண்டர், விக்கெட் கீப்பர் என்று அதில் நான்கு கட்டங்கள். முதல் கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்திடச் சொன்னார்.

அவர் படிவத்தை முழுக்கப் படித்தார். அடியில், அணித் தலைவர் கையெழுத்துக்கான இடத்தில், மைத்துனர் பெயருக்குப் பதில் வேறொரு பெயர் அச்சாகியிருந்தது. பேனாவை எடுத்து, பந்துவீச்சாளர் என்ற கட்டத்தில் குறி போட்டார்.

"சார், கட்டம் மாத்திப் போட்டுட்டீங்க. அதுல போட்டா ஒப்பந்தமே செல்லாது," என்று மேலாளர் சிரித்துவிட்டு, இழுப்பறையிலிருந்து இன்னொரு படிவம் எடுத்துக் கொடுத்தார்.

அதையும் நிதானமாகப் படித்தார். அதே கட்டத்தில் குறி போட்டார், கையெழுத்திட்டார், பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தார்.