மொட்டைச் சீட்டு

அமுதாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஏற்காடு பஸ் நிலையத்தில் டீக்கடை வைத்திருந்தவரின் மகள். டைப்ரைட்டிங் பாஸ் செய்து, கிளியூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீசில் சேர்ந்தாள். தொண்ணூற்று நான்கில் அங்கே கம்ப்யூட்டர் வந்ததும் அவள் கோபம் இரண்டு பங்கானது.

பழம் பறிக்கிற பெண்களுக்குச் சாயங்காலம் எடைச் சீட்டு தர வேண்டும்; அதைக் காட்டினால்தான் கூலி. கையால் எழுதினால் செல்லாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சேலத்து செல்வராஜ் எழுதிக் கொடுத்த புரோகிராமோ ஒவ்வொரு சீட்டுக்கும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். அவன் கம்பெனி பெயர், எஸ்டேட் பெயர், முதலாளியின் பட்டங்கள், தேதி சரியா, நிச்சயமாகச் சரியா என்று கேட்டுக்கொண்டே போகும். பறித்தவள் பெயருக்கும் எடைக்கும் வந்து சேர்வதற்குள் கரடியூர் பஸ் போய்விடும். காட்டெருமைக்குப் பயந்துகொண்டே பெண்கள் பனிமூட்டத்தில் நடப்பார்கள்.

அன்றைக்குச் சீட்டுக்கு நின்ற பாவாயியின் ரவிக்கை பாலில் நனைந்திருந்தது. ஊரில் கைக்குழந்தை.

"ஏனுங்க அம்மிணி, புள்ள பசியில கத்தீட்டிருக்குமுங்க."

அமுதா செல்வராஜுக்குப் போன் போட்டாள். "பேரு, எடை, அச்சு. இவ்வளவுதானுங்க வேணும். மிச்சத்த வெட்டி உடுங்க."

"அப்பறம் அதுக்குப் பேரு புரோகிராமுங்களா? முன்னாடி நாலு வரி இருந்தாத்தானுங்க மரியாதை."

"உங்க மரியாதைக்கு இங்க ஒரு புள்ள பட்டினி கெடக்குதுங்க!" ரிசீவர் உடைகிற மாதிரி வைத்தாள்.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து, தானே ஒரு சின்ன ஃபைல் எழுதினாள். ஒரு வரி அச்சடிக்கும். அடுத்த வரி அன்றைய எடைக் கணக்கில் சேர்த்து வைக்கும். அவ்வளவுதான். கருப்புத் திரையில் சீட்டு, பாவாயி, எடை என்று ஒரே வரியில் தட்டினால் போதும். மற்ற தலைப்பையெல்லாம் வைதுகொண்டே தூக்கி எறிந்தாள்.

சாயங்காலம் சீட்டுகள் மளமளவென்று வந்தன. பாவாயி வாங்கிப் பார்த்தவள், மேசைமேலேயே திருப்பி வைத்துவிட்டாள்.

"மேல மொட்டையா இருக்குதுங்களே. சேர்வராயன் துணை எங்கீங்க?"

எறிந்த வரிகளோடு, பழைய சீட்டின் உச்சியில் இருந்த மலைச் சாமியும் போய்விட்டது அப்போதுதான் அமுதாவுக்குத் தெரிந்தது.

"எடை சரியாத்தான இருக்குது? பஸ்ஸு வந்துருச்சுடி!"

"சாமி பேரில்லாம கருமாதிக் காயிதந்தானுங்க வரும். பச்சப்புள்ள இருக்கற ஊட்டுக்கு இத எப்புடிங்க கொண்டுட்டுப் போறது?"

பின்னால் நின்ற முத்தாயியும் சீட்டைத் தொடவில்லை. "சாமி பேரோட குடுங்க. நாங்க நடந்தே போய்க்கறமுங்க."

"பசிச்சுக் கெடக்கறது உம்புள்ளையா எம்புள்ளையா?" என்று கத்தினாள் அமுதா. யாரும் அசையவில்லை. வெளியே ஹாரன் அலறியது.

"முத்தாயக்கா, போயி அந்த பஸ்ஸ நிறுத்துங்க!"

முத்தாயி பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றாள். "ஏம்மா, ஊடு போய்ச் சேர ஆசையில்லியா?" என்றார் கண்டக்டர்.

"ஆசையிலதாஞ் சாமி நிக்கறேன். செத்த பொறு."

உள்ளே அமுதா பல்லைக் கடித்துக்கொண்டு ஃபைலின் தலையில் ஒரே ஒரு வரி சேர்த்தாள். அன்றைய கணக்கை அழித்துவிட்டு எல்லாச் சீட்டையும் மறுபடி தட்டினாள். பாவாயி சீட்டைக் கண்ணில் ஒற்றி இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள்.

பஸ் நகரும்போது ஜன்னலிலிருந்து அவள் குரல் வந்தது. "நொம்ப நல்லாருப்பீங்க அம்மிணி!"

"வாய மூடிட்டுப் போயிப் பாலக் குடுடி!" வாசலில் நின்று கத்திய அமுதாவுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.