ஒரே பெயரில் இரண்டு உறுப்பினர்கள்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை லண்டனில், சட்டன் பஸ் தரிப்பில் நின்றபோது வதனி போன் எடுத்தாள். "மாமா, அப்பா மோசம் போயிட்டார்" என்றாள். நோர்பரி பரமலிங்கம் அண்ணையின் ஒரே மகள் அவள்.

"கடிதம் வாசிச்சவரோ?" என்று கேட்டேன்.

"ஓம் மாமா, மூண்டு தரம். தலகணிக்குக் கீழைதான் கிடக்குது."

எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. சாவுச் செய்தி கேட்டவன் முதலில் அதையா கேட்பது என்று சிலர் இப்போது கதைக்கிறார்கள். கதைக்கட்டும். அது என்ன கடிதம் என்று அவர்களுக்குத் தெரியாது.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி என்றால் வீடு தரமாட்டார்கள். அண்ணைக்கும் எனக்கும் நோர்பரியில் இரண்டு அறைகள் தந்தவர் நோரா ஆன்ரி என்ற ஐரிஷ் விதவை. அண்ணை ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தார்கள். நான் பெட்ரோல் ஸ்டேஷனில் வேலைக்கு நின்றேன்.

ஆன்ரியின் ஊர் அயர்லாந்தின் மேற்கே ஒரு சிறு நகரம். முன்பு, அயர்லாந்து பிரித்தானியாவின் கீழ் இருந்தபோது, அது தனித் தொகுதியாக இருந்து லண்டன் பாராளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரை அனுப்பியது. பிறகு அந்தத் தொகுதியையே இல்லாமல் செய்துவிட்டார்கள். ஆன்ரியின் பூட்டனார், ஒரு துணிக்கடைக்காரர், அங்கே ஒருமுறை தேர்தலில் நின்று தோற்றவர். இரகசிய வாக்கு இல்லாத காலம் அது. நிலச்சொந்தக்காரரின் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, யாருக்கு வாக்கு என்று வாய்திறந்து சொல்லவேண்டும். துணிக்கடைக்காரரின் பெயரைச் சொல்லத் துணிந்தவர்கள் சிலபேர்தான். "வென்றவர்களின் பட்டியல் எல்லா இடமும் இருக்கிறது. அவருடைய பெயர் எங்கேயும் இல்லை" என்று ஆன்ரி ஒருநாள் தேத்தண்ணி ஊற்றியபடி சொன்னார்.

அண்ணை அதை மறக்கவில்லை. நாங்கள் சொந்த வீடுகளுக்குப் போய், பிள்ளைகளை வளர்த்து, வேலையால் நின்ற பிறகு ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்கள். "தம்பி, தோத்தவன்ரை பேரையும் எழுதவேணும். நாங்கள் எழுதுவம்."

சனிக்கிழமைகளில் நூலகத்தில் இருந்து பழைய பத்திரிகைகளைத் தேடினோம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலம் அகராதியை வைத்து நானே படித்தது. அண்ணை வாசிக்க, நான் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டுக் கொப்பியில் எழுதுவேன். பல தேர்தல்களில் ஒருவர் மட்டுமே நின்றிருந்தார். 'போட்டியில்லை' என்று நான் எழுதும்போதெல்லாம் அண்ணைக்கு முகம் சுருங்கும். "எதிர்க்க ஒருத்தன் நிண்டாத்தானே ஐசே அது எலெக்சன்" என்பார்கள்.

துணிக்கடைக்காரரின் பெயரைக் கண்டுபிடித்த அன்று ஆன்ரிக்குத் தொண்ணூறு வயது தாண்டியிருந்தது. அந்த வரியை விரலால் தடவித் தடவி அழுதார். கொப்பியை முடித்துத் தன் ஊர் நூலகத்துக்கு அனுப்பச் சொன்னார். அண்ணை வாக்குக் கொடுத்தார்கள். அடுத்த குளிருக்கு ஆன்ரி இல்லை.

கொப்பி முடியாமல் நின்றது என்னால். வென்றவர்களின் பட்டியலில் ஒரே பெயர் தேர்தலுக்குத் தேர்தல் வந்தது. ஒரே மனிதர் நாற்பது வருடம் உறுப்பினராக இருந்தார் என்று நான் எழுதினேன். அண்ணை பார்த்துவிட்டு, அது தகப்பனும் மகனும் என்றார்கள்.

"தேப்பன்ரை பேரை மகனுக்கு ஆர் அண்ணை வைப்பான்?" என்றேன். எங்கள் ஆட்களில் தகப்பன் பெயர் மகனுக்கு முன்னெழுத்தாக நிற்கும். அதையே பெயராக வைப்பதை நான் கண்டதில்லை.

"இதென்ன எங்கடை சாவகச்சேரியோ? வெள்ளைக்காரன் வைப்பான்."

"வெள்ளைக்காரனுக்குப் பேருக்குப் பஞ்சமோ?"

"உமக்குப் புத்திக்குப் பஞ்சம்."

படிக்காதவன் என்று சொன்னதாகவே எனக்குப் பட்டது. கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒன்பது வருடம் கொடுக்கவில்லை. கலியாண வீடுகளில் வேறு வேறு மேசைகளில் இருந்து சாப்பிட்டோம்.

இந்த வருடத் தொடக்கத்தில் அண்ணைக்கு இருதயம் ஏலாமல் போய்விட்டது என்று வதனி சொன்னாள். அப்போதும் நான் போகவில்லை.

பிறகு ஒருநாள், பக்கத்து வீட்டு மைக்கேலுக்கு வந்த பார்சலைத் தபால்காரன் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். மைக்கேல் வந்து பார்த்துவிட்டு, "இது எனக்கில்லை, மகனுக்கு" என்றார்.

"உங்கள் பெயர்தானே இருக்கிறது?"

"அவனும் மைக்கேல்தான். என் அப்பாவும் மைக்கேல்தான்."

கொப்பியை எடுத்துக்கொண்டு அப்படியே பஸ் ஏறினேன்.

அண்ணை கட்டிலில் சாய்ந்திருந்தார்கள். "அண்ணை, ரெண்டு பேர்தான்" என்றேன்.

"இதைச் சொல்ல ஒன்பது வருசமோ? அந்த மகன் இதுக்குள்ளை ரெண்டு எலெக்சன் கேட்டு முடிச்சிருப்பான்."

வதனி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "ஆனா எனக்குப் புத்தியில்லை எண்டது பிழை" என்றேன். அதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. "ஓம், பிழைதான்" என்றார்கள் அண்ணை.

கொப்பியை மடியில் வைத்து, பிந்திய தேர்தல்களில் வந்த பெயருக்குப் பக்கத்தில் 'மகன்' என்ற சொல்லை அண்ணையே எழுதினார்கள். அன்றைக்கே ஆன்ரியின் ஊருக்குத் தபாலில் போட்டோம். கொப்பி கிடைத்தது என்றும், வாசிப்பறையில் வைத்திருக்கிறோம் என்றும் அந்த ஊர் நூலகத்தார் எழுதிய கடிதம்தான் அண்ணையின் தலகணிக்குக் கீழே இருந்தது.

அதனால் எனக்கு இன்று துக்கத்தைவிட நிம்மதிதான் கூட. இன்னும் ஒரு மாதம் நான் பிடிவாதமாக இருந்திருந்தால் இந்த அஞ்சலியை எழுத எனக்கு முகம் இருந்திராது.

போய்வாருங்கள் அண்ணை. நீங்கள் போட்டியில்லாமல் வென்றவர் இல்லை. உங்களை எதிர்த்து ஒருவன் ஒன்பது வருடம் நின்றான். தோற்றவனின் பெயரையும் எழுதவேண்டும் என்றீர்கள். எழுதுகிறேன்.

வே. நல்லையா,
சட்டன்.