மலைப்பாதையில் கேட்ட சிரிப்பு

தொண்ணூறுகளின் நடுவில்தான் நான் இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்தேன். என் கணவர் ஆறு வருடம் முந்தியே வந்து, ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலியச் சீமாட்டியின், வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். நான் வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை மலைக்குக் கூட்டிப்போனாள். மரமில்லாத மேட்டுவெளியில் ஏறி, ஓரெத்தோ ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் பாதை அது.

அவரும் அவளும் இத்தாலியனில் கதைத்தபடி முன்னே போனார்கள். அவள் எதையோ சொல்ல, அவர் விழுந்து விழுந்து சிரித்தார். என்னோடு அப்படிச் சிரித்ததே இல்லை. மேடு முழுவதும் வயிறெரிய அவர்கள் பின்னால் நடந்தேன்.

கீழே ஆற்றில் அவள் முகம் கழுவப் போனதும் கேட்டுவிட்டேன்.

"அவ்வளவு சிரிக்க அவ என்னப்பா சொன்னவ?"

அவர் குனிந்து தன் கால் சப்பாத்தைப் பார்த்தார். "வேலைக் கதையைத் தவிர எனக்குப் பாதியும் விளங்காது. அவ சிரிச்சால் நானும் சிரிப்பன். திருப்பிக் கேக்க வெக்கம்."

"இனிக் கேளுங்கோ. நான் பக்கத்திலை நிக்கிறன்."

அவள் வந்து மறுபடி ஏதோ சொன்னாள். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, விளங்கவில்லை என்றார். அவள் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அவர் அதைத் தமிழில் எனக்குச் சொன்னார். எல்லாருக்கும் கடைசியாக நானும் சிரித்தேன்.

ஆறு வருடம் எதற்கென்றே தெரியாமல் அவர் சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்தா பொறாமைப்பட்டேன் என்று நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.